வரலாறு எழுதுவோர் பலர்
திருச்சபை வரலாற்றுப் பணியைப் பற்றிய ஒரு விளக்கம்

நம் சபைகளில் வெள்ளி விழாவோ நூற்றாண்டு விழாவோ வரும்போது விழா மலர் ஒன்று வெளியிடுவது வழக்கமாகிவிட்டது. அதில் பேராயரின் வாழ்த்துரை இருக்கும். பணியாற்றிய போதகர்களின் பட்டியல் ஆண்டு முறைப்படி இருக்கும். ஆலயம் கட்டப்பட்ட விதம், கோபுர மணி வந்த விதம், நன்கொடையாளர் பெயர்கள் ஆகியவை இருக்கும். இவை யாவும் தேவையானவையே. ஆயினும், மலரைப் படித்து முடித்தபின் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. போதகர் வராத மாதங்களில் வீடு வீடாகச் சென்று ஜெபித்த வேதாகமப் பெண் எங்கே? ஆலயத்தின் பின்புறத்தில் தனியே அமர வைக்கப்பட்டவர்கள் எங்கே? சபை பிளந்து நின்ற ஆண்டுகள் எங்கே? இவற்றை எழுதாமல் விட்ட பின்பும் அம்மலரைச் "சபையின் வரலாறு" என்று அழைப்பது தகுமா?

இக்கேள்விக்கு விடை காண, வரலாறு என்பது எத்தனை வகையாக எழுதப்படுகிறது என்பதை முதலில் அறிய வேண்டும். பல்கலைக்கழகப் பேராசிரியர் எழுதுவது மட்டுமே வரலாறு என்பது ஓர் எண்ணம். அவரவர் சொல்வதெல்லாம் வரலாறே என்பது மற்றோர் எண்ணம். இவ்விரண்டும் பிழை என்பதைக் கடலூர், சிதம்பரம் வட்டாரத்துச் சான்றுகளைக் கொண்டே இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

திருமறை காட்டும் பன்மை

திருமறையே ஒரு வரலாற்றைப் பல கைகளால் எழுதி வைத்திருக்கும் நூல். தாவீதின் காலத்தைச் சாமுவேலின் புத்தகங்களும் சொல்லுகின்றன; நாளாகமமும் சொல்லுகிறது. பத்சேபாளின் காரியத்தையும் உரியாவின் கொலையையும் இரண்டாம் சாமுவேல் ஒளிவுமறைவின்றி விவரிக்கிறது. அதே போர்க்காலத்தைக் கூறும் முதலாம் நாளாகமம் 20ஆம் அதிகாரம் அந்நிகழ்ச்சியைச் சொல்லாமலே கடந்து செல்கிறது. மாறாக, மனாசே மனந்திரும்பியதை இராஜாக்களின் புத்தகம் கூறவில்லை. இரண்டாம் நாளாகமம் 33ஆம் அதிகாரம் கூறுகிறது. சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்து ஆலய வழிபாட்டை மீண்டும் நிலைநாட்ட முயன்ற மக்களுக்காக நாளாகமக்காரர் எழுதினார். ஆதலால் அவருடைய தேர்வு வேறாக அமைந்தது. யூத மக்கள் இவ்விரண்டில் ஒன்றை எரித்து விடவில்லை. இரண்டையும் காத்தனர்.

நற்செய்தி நூல்களின் நிலையும் இதுவே. தமக்கு முன்னரே பலர் எழுத முற்பட்டிருந்தனர் என்பதையும், தாம் ஆதிமுதல் யாவற்றையும் ஆராய்ந்து எழுதுவதையும் லூக்கா தம் முன்னுரையில் அறிவிக்கிறார். இரண்டாம் நூற்றாண்டில் தாத்தியன் என்பவர் நான்கு நற்செய்திகளையும் ஒன்றாக இணைத்து ஒரே நூலாக்கினார். சிரியத் திருச்சபைகளில் அது நெடுங்காலம் வாசிக்கப்பட்டது. எனினும், முடிவில் திருச்சபை நான்கையும் நான்காகவே வைத்துக்கொண்டது. வேற்றுமைகளைக் கண்டு அது அஞ்சவில்லை. அதே வேளையில், இயேசுவைப் பற்றி எழுந்த எல்லா நூல்களையும் அது ஏற்றுக்கொள்ளவும் இல்லை. பன்மையை ஏற்பதும் சோதித்தறிவதும் ஒருங்கே நடைபெற்றன என்பதே இங்குக் கருதத்தக்கது.

கல்லில் எழுதியவர்கள்

அண்ணாமலை நகருக்கு அருகே நிற்கும் தில்லைக் கோயிலின் சுவர்கள் ஒரு பெரும் வரலாற்று நூலகம் எனலாம். முதலாம் இராஜராஜன் காலம் முதல் சோழர் கல்வெட்டுகள் மெய்க்கீர்த்தி என்னும் முகவுரையுடன் தொடங்கும் வழக்கம் ஏற்பட்டது. மன்னன் வென்ற நாடுகள் அதில் வரிசையாகக் கூறப்படும். முதற்குலோத்துங்கனிடமும் விக்கிரம சோழனிடமும் பணியாற்றிய படைத்தலைவன் நரலோகவீரன் தில்லையில் செய்த திருப்பணிகள் பாடல்களாகவே கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன.

கல்வெட்டின் வலிமை யாது? அது எழுதப்பட்ட காலத்திலேயே நிற்கிறது. பின்வந்தோர் எளிதில் திருத்த இயலாது. நில அளவு, வரி, விளக்குக்கு விட்ட ஆடுகளின் எண்ணிக்கை போன்றவற்றில் அது மிகுந்த நம்பிக்கைக்குரியது. அதன் குறை யாது? கொடுத்தவன் பெயரை அது சொல்லும். கல் சுமந்தவன் பெயரைப் பெரும்பாலும் சொல்லாது. வெற்றியைச் சொல்லும், தோல்வியைச் சொல்லாது. நம் விழா மலர்களின் நன்கொடையாளர் பட்டியலும் ஆலய முகப்பில் பதிக்கும் பளிங்குக் கல்லும் இந்த மரபின் வழிவந்தவையே. அவை பொய்யல்ல, ஆனால் அவை மெய்க்கீர்த்திகள். அவற்றை அவ்வாறே படிக்க வேண்டும்.

நாட்குறிப்பு எழுதியவர்

கடலூருக்கு வடக்கே புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) 1736 முதல் தம் இறுதிக்காலம் வரை தமிழில் நாட்குறிப்பு எழுதிவந்தார். அது அச்சுக்காக எழுதப்பட்டதன்று. அது 1846இல் கண்டெடுக்கப்பட்டு, பின்னர் 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளிவந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியதும், ஆங்கிலேயர் கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையைத் தலைமையிடமாகக் கொண்டதும், சந்தை விலையும், சோதிடமும், வீட்டுத் துக்கமும் அதில் அடுத்தடுத்து வருகின்றன.

திருச்சபை வரலாற்று மாணவர் மறக்கலாகாத ஒரு பகுதி அதில் உண்டு. புதுச்சேரி ஆலயத்துக்குள் சாதிக் கிறிஸ்தவரையும் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவரையும் பிரிக்க ஒரு சுவர் இருந்தது. 1745இல் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள் குருவிடம் சென்று முறையிட்டதையும், அச்சுவர் இடிக்கப்பட்டதையும், அதனால் சாதிக் கிறிஸ்தவரிடையே எழுந்த சினத்தையும் பிள்ளை குறித்துள்ளார். அவர் கிறிஸ்தவர் அல்லர். தாழ்த்தப்பட்டோருக்காக வாதாடியவரும் அல்லர். தம் காலத்துச் சாதி உணர்வுகளிலிருந்து அவர் விடுபட்டிருந்தார் என்றும் கூற இயலாது. ஆயினும் நடந்ததை நடந்த காலத்திலேயே எழுதினார். சபையின் உள்ளே நடந்த நீதிக்கான ஒரு போராட்டம் வெளியார் ஒருவரின் ஏட்டில் காக்கப்பட்டது. சபை தன்னைப் பற்றி எழுதிக்கொள்வது மட்டுமே சபையின் வரலாறு ஆகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அறிக்கையும் மடலும்

சீகன்பால்க், புளூட்சோ ஆகிய இருவரும் 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். அவர்களும் அவர்களுக்குப் பின்வந்தோரும் அனுப்பிய அறிக்கைகள் ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரில் 1710 முதல் அச்சிடப்பட்டன. கடலூர்த் திருச்சபையின் தொடக்கத்தை அறிவதற்கு இவ்வறிக்கைகள் இன்றியமையாதவை. 1737இல் சர்டோரியஸ் கடலூருக்கு வந்ததும், அடுத்த ஆண்டே அவர் இறந்ததும், 1740இல் கீர்நாந்தர் வந்ததும், 1758இல் பிரெஞ்சுப் படை கடலூரைப் பிடித்தபின் அவர் கல்கத்தாவுக்குச் சென்றதும் இத்தகைய ஆவணங்கள் வழியாகவே நமக்குத் தெரிகின்றன.

ஆயினும் அறிக்கை என்பது பணம் கொடுப்போருக்கு எழுதப்படுவது. ஐரோப்பாவில் ஜெபித்தும் காணிக்கை அனுப்பியும் வந்த மக்கள் மனம் தளராதிருக்க வேண்டும் என்னும் நோக்கம் அதில் இருந்தது. ஹாலேயிலிருந்த பதிப்பாசிரியர்கள் தமக்கு வந்ததை அப்படியே அச்சிடவில்லை. சிலவற்றை நீக்கினர், சிலவற்றைத் தணித்தனர். தமிழரின் தெய்வங்களைப் பற்றிச் சீகன்பால்க் 1713இல் எழுதி முடித்த நூல் ஒன்றரை நூற்றாண்டு அச்சேறாமலிருந்து 1867இல்தான் சென்னையில் வெளிவந்தது. இதற்கு மாறாக, மிஷனெரிகளின் வினாக்களுக்குத் தமிழர் எழுதிய விடை மடல்களில் 99 மடல்கள் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் அவ்வறிக்கைகளிலேயே இடம்பெற்றன. தமிழில் சொன்னதை ஜெர்மன் வழியாக நாம் திரும்பக் கேட்கவேண்டிய நிலை இது.

கடலூரில் பிறந்த ஆரோன் இவ்விடத்தில் நம் நினைவுக்கு வருகிறார். அவர் 1718இல் ஞானஸ்நானம் பெற்று, 1733 டிசம்பரில் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்றார். சீர்திருத்தத் திருச்சபைகளில் இந்தியர் ஒருவர் பெற்ற முதற் குருப்பட்டம் அதுவே. 1745இல் அவர் மறையும்வரை ஊர் ஊராக நடந்து ஊழியம் செய்தார். எனினும் அவரைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி அவரை மேற்பார்த்த மிஷனெரிகளின் எழுத்தே. அவருடைய மனத்தை அவருடைய சொற்களால் எவ்வளவு அறிகிறோம் என்று வினவினால், நம் குறை புலப்படும்.

பள்ளி ஆசிரியரும் பல்கலைக்கழகமும்

சிதம்பரம் வரலாற்று ஆராய்ச்சிக்குப் புகழ்பெற்ற இடம். சோழர் வரலாற்றை 1935, 1937ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்ட கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் 1920களில் சிதம்பரம் மீனாட்சி கல்லூரியின் முதல்வராக இருந்தார். அக்கல்லூரியை அடிப்படையாகக் கொண்டே 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அங்கு 1942 முதல் பணியாற்றிய தி. வை. சதாசிவ பண்டாரத்தார் அதற்கு முன்னர்க் கும்பகோணத்தில் பள்ளித் தமிழாசிரியராக இருந்தவர். அவர் கல்வெட்டுகளையும் இலக்கியங்களையும் ஒப்பிட்டுப் பிற்காலச் சோழர் வரலாற்றைத் தமிழ் மக்களுக்குத் தமிழிலேயே எழுதித் தந்தார்.

சென்னையில் பள்ளி ஆசிரியராக இருந்த மயிலை சீனி. வேங்கடசாமி 1936இல் கிறித்தவமும் தமிழும் என்னும் நூலை வெளியிட்டார். கிறிஸ்தவர் தமிழுக்குச் செய்த தொண்டைத் தொகுத்துக் காட்டிய அந்நூலின் ஆசிரியர் கிறிஸ்தவர் அல்லர். பேராசிரியப் பதவி வகித்தவரும் அல்லர். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா பழைய நூல்களையும் இதழ்களையும் துண்டு வெளியீடுகளையும் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்தபின் அத்தொகுப்பு சென்னையில் ஓர் ஆய்வு நூலகமாக வளர்ந்தது.

வரலாற்று அறிவு பட்டத்தினால் மட்டும் வருவதன்று என்பதை இவர்கள் காட்டுகின்றனர். ஆனால் இவர்களிடம் ஒரு பொதுப் பண்பு உண்டு: சான்றைத் தேடிச் சென்றனர், சான்றை மற்றவர் காண வைத்தனர். பல்கலைக்கழகத்தின் கொடை என்பது கட்டடமோ பதவியோ அன்று. ஒருவர் எழுதியதை மற்றொருவர் சோதித்துத் திருத்தும் ஒழுங்கே அது. அந்த ஒழுங்கை மேற்கொள்ளும் பள்ளி ஆசிரியர் வரலாற்றாசிரியரே. அதைக் கைவிடும் பேராசிரியர் அவ்வாறு அல்லர்.

ஒரு நந்தனார், பல வரலாறுகள்

ஒரே நிகழ்ச்சியைப் பலர் பலவாறு எழுதும்போது என்ன நேர்கிறது என்பதற்குத் தில்லையே உதாரணம். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய திருநாளைப்போவார், ஆதனூர்ச் சேரியில் பிறந்து, தில்லையில் தீயில் மூழ்கி முனிவராக எழுந்த அடியார். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய சரித்திரக் கீர்த்தனையில், சேக்கிழார் சொல்லாத நிலவுடைமை வேதியர் ஒருவர் வருகிறார்; பண்ணை அடிமையின் துன்பம் முன்னிற்கிறது. 1907இல் இதழ் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், நந்தனைப் பௌத்த மன்னன் என்று எழுதினார். 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் பள்ளி நிறுவி, தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கினார்.

இவற்றுள் எது வரலாறு என்று கேட்பது இயல்பு. சேக்கிழாரின் பாடல் மற்றவற்றினும் பழைமையானது. ஆயினும் அதுவும் அடியார் மறைந்து நெடுங்காலத்துக்குப் பின் பாடப்பட்டது. பாரதியாரின் வேதியர் கற்பனைப் பாத்திரமாக இருக்கலாம். ஆனால் அப்பாத்திரம் காட்டும் பண்ணையடிமை முறை 19ஆம் நூற்றாண்டுக் காவிரிப் படுகையில் கற்பனையன்று. அயோத்திதாசரின் கூற்றைக் கல்வெட்டுச் சான்றால் நிறுவுவது அரிது. ஆனால் எங்கள் முன்னோர் இழிந்தவர் அல்லர் என்று ஒரு மக்கட் கூட்டம் முழங்கியதற்கு அதுவே நேர்ச்சான்று. ஆகவே ஒவ்வோர் எழுத்தும் இரண்டு காலங்களுக்குச் சாட்சி சொல்லுகிறது: அது பேசும் காலத்துக்கு ஒன்று, அது எழுதப்பட்ட காலத்துக்கு ஒன்று. முன்னதில் தளர்ந்து நிற்கும் நூலும் பின்னதில் உறுதியான சாட்சியாக இருக்கக்கூடும்.

வாய்மொழி வரலாறு

எழுதத் தெரிந்தோரின் வரலாறே எழுத்தில் நிற்கிறது. ஏனையோர் நினைவில் வைக்கின்றனர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கடலூர்க் கரையையும் பிச்சாவரத்தை அடுத்த மீனவர் குடியிருப்புகளையும் அழித்தது. 2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் இதே மாவட்டத்தைத் தாக்கியது. இத்தகைய கரையில், காகிதம் நிலைக்கும் என்று எவரும் நிச்சயமாக இருத்தல் இயலாது. எஞ்சியிருப்பது முதியோரின் நினைவே. அதுவும் ஒவ்வொரு சாவோடும் குறைந்து வருகிறது.

யோயாக்கீம் அரசன் எரேமியாவின் சுருளைக் கத்தியால் அறுத்துத் தீயிலிட்டபோது, பாரூக்கு மற்றொரு சுருளை எடுத்துத் தீர்க்கதரிசியின் வாயிலிருந்து கேட்டு மீண்டும் எழுதினான். முன்னிருந்ததினும் மிகுதியாகவே எழுதினான். சொன்னவர் உயிரோடிருந்ததால் அது இயன்றது. நம் சபைகளில் சொல்லக்கூடியவர் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதும் பாரூக்குகள் தேவை.

இன்று கைப்பேசி உடைய எவரும் ஊர் வரலாற்றை எழுதி ஒரே நாளில் உலகெங்கும் பரப்ப இயலும். இது நல்வாய்ப்பே. ஆனால் ஒரு சாதியின் பெருமைக்காகவோ மற்றொரு சமயத்தாரை இழிவுபடுத்தவோ புனையப்படும் கதையும் அதே விரைவில் பரவுகிறது. ஆதலால் சோதித்தறிதல் இன்று முன்னினும் மிகத் தேவையாகிறது.

சோதிக்கும் முறை

எவ்வகை வரலாற்றெழுத்தை எடுத்தாலும் பின்வரும் வினாக்களை எழுப்புதல் நலம்.

1. எழுதியவர் கண்டவரா, கேட்டவரா? நிகழ்ச்சிக்கும் எழுத்துக்கும் இடையே எத்தனை ஆண்டுகள் கடந்தன?

2. யாருக்காக எழுதப்பட்டது? மன்னனுக்கா, காணிக்கை அனுப்புவோருக்கா, தமக்கேவா, தம் மக்களுக்கா?

3. எழுதியவர் தமக்குப் பாதகமானதையும் சொல்லுகிறாரா? சொல்லுவாராயின் அவருடைய சாட்சி வலிமை பெறுகிறது. பேதுரு மறுதலித்ததை நான்கு நற்செய்திகளும் மறைக்கவில்லை என்பது நினைக்கத்தக்கது.

4. வேறு சாட்சி உண்டா? இரண்டு மூன்று சாட்சிகளின் வாக்கினால் காரியம் நிலைவரப்படவேண்டும் என்னும் உபாகமத்தின் சட்டம் நீதிமன்றத்துக்கு மட்டும் உரியதன்று.

5. யார் பேசவில்லை? அவர்களுடைய குரல் வேறு எங்கேனும் காக்கப்பட்டிருக்கிறதா?

இந்த ஐந்தாம் வினாவே இறையியல் வினா. ஆகாரின் கூக்குரலைக் கேட்ட தேவனை ஆராதிக்கும் மக்கள், தம் வரலாற்றில் ஆகாரை விட்டுவிட்டு எழுதுதல் தகாது.

சபைகள் செய்யத்தக்கவை

1970களில் இந்தியத் திருச்சபை வரலாற்றுக் கழகம், இந்நாட்டுத் திருச்சபையின் வரலாற்றை மிஷனெரிச் சங்கங்களின் வரலாறாக அன்றி இந்திய மக்களின் சமூக வரலாற்றின் பகுதியாக எழுத வேண்டும் என்னும் நோக்கை மேற்கொண்டது. அந்நோக்கில் வெளிவந்த தொகுதிகளுள் தமிழ்நாட்டைப் பற்றியதை 1990இல் ஹியூகால்டு கிராஃபே எழுதினார். அந்தப் பெரும்பணி தலத்திருச்சபை அளவில் இன்னும் நிறைவேறவில்லை. அதைச் செய்ய அறிஞர் குழு வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை.

முதலாவது, ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவேடுகளைக் கரையானிடமிருந்தும் ஈரத்திடமிருந்தும் காத்து, படியெடுத்து, இரண்டு இடங்களில் வைக்க வேண்டும். இரண்டாவது, எழுபது வயதைக் கடந்தோர் ஒவ்வொருவரிடமும், முக்கியமாகப் பெண்களிடமும் கூலித்தொழிலாளரிடமும், அமர்ந்து கேட்டு, நாளும் பெயரும் குறித்து எழுத வேண்டும். உயிரோடிருப்போரைப் பற்றியவற்றை அவர்கள் இசைவின்றி வெளியிடலாகாது. மூன்றாவது, சபைக்கு வெளியே இருப்போர் சபையைப் பற்றி என்ன நினைவு கொண்டுள்ளனர் என்று கேட்க வேண்டும். நான்காவது, கூற்றுகள் முரண்படும்போது அவற்றை வலிந்து ஒன்றாக்காமல், இன்னார் இவ்வாறும் இன்னார் இவ்வாறும் கூறுகின்றனர் என்று இரண்டையும் எழுத வேண்டும்.

இவற்றுள் கடினமானது ஒன்றுண்டு. தென்னார்க்காட்டில் 1860களில் பட்டாம்பாக்கத்தில் ஊழியம் தொடங்கிய ஓக்ஸ் என்பவர், சாதி பற்றிய கருத்து வேறுபாட்டினால் தம் பழைய மிஷனைவிட்டு விலகி வந்தவர். அப்பணியின் தொடர்ச்சியே இன்று கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை. நம் சபைகளின் பிறப்பிலேயே இந்த வினா இருந்தது, இன்றும் தீரவில்லை. சபை வரலாறு எழுத அமரும் குழு, கல்லறைத் தோட்டத்தில் எழுப்பப்பட்ட சுவரையும் திருவிருந்தில் காட்டப்பட்ட வரிசையையும் எழுதுவதா, விடுவதா என்று முடிவு செய்ய வேண்டிவரும். எழுதினால் மனம் புண்படும் என்பர் சிலர். எழுதாவிடில் ஏற்கெனவே புண்பட்டவர் மீண்டும் மறக்கப்படுவர்.

பாவத்தை அறிக்கையிடும் ஜெபத்தோடு வழிபாட்டைத் தொடங்குவோர் நாம். ஞாயிறுதோறும் வாயினால் செய்யும் அவ்வறிக்கையை வரலாற்று நூலில் கையினாலும் செய்ய நாம் அஞ்சலாகாது. அவ்வாறு எழுதப்படும் மலரில் போதகர் பட்டியலும் இருக்கட்டும். மணியின் கதையும் இருக்கட்டும். பின்வரிசையில் அமர்ந்திருந்தவர் அதை வாங்கித் திறக்கும்போது, தம் தாயின் பெயரை அதில் காண வேண்டும். அப்போதுதான் அதற்குச் சபையின் வரலாறு என்னும் பெயர் பொருந்தும்.